எண்பது மார்க்

பெற்றவர்கள் வைத்த பெயர் அவளுக்கும் ஒன்று உண்டுதான். ஆனால் பன்னிரண்டு வருஷமாக அந்தப் பெயரைச் சொல்லி யாரும் அவளைக் கூப்பிட்டதில்லை. ஆபீசில் அவள் மார்க்கக்கா. நோயாளிகளுக்கு மார்க் டீச்சர். கட்டிய புருஷன், அவர் ஒரு கணக்கு வாத்தியார், அவரே "என்ன மார்க், சாப்பிட்டாச்சா?" என்றுதான் கேட்பார்.

ஆபரேஷன் முடிந்தோ பக்கவாதம் வந்தோ ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும் வயதானவர்களுக்கு வீட்டிலேயே பயிற்சி கொடுக்கும் ஒரு குழுவில் அவளுக்கு வேலை. பயிற்சி கொடுப்பது வேறு ஆட்கள். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை ஸ்கூட்டரில் போய், அந்த மனிதர் தன் காரியங்களைத் தானே பார்த்துக்கொள்கிறாரா என்று எடைபோடுவது இவள். கையில் ஒரு தாள், அதில் பத்துக் கேள்வி, மொத்தம் நூறு மார்க். தானாகச் சாப்பிடுகிறாரா, குளிக்கிறாரா, பட்டன் போடுகிறாரா, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுகிறாரா, ஐம்பது அடி நடக்கிறாரா, படி ஏறுகிறாரா. இந்த ரகக் கேள்விகள்.

சும்மா சொல்லக் கூடாது, வேலையில் அவள் கெட்டி. ஒரு மார்க்கைக் கூட இரக்கப்பட்டுக் கொடுக்க மாட்டாள். ஆனால் உற்சாகப்படுத்துவதில் கஞ்சத்தனமே கிடையாது. "சபாஷ்! போன தடவை நாப்பது, இந்தத் தடவை அம்பது. அடுத்த தடவை இன்னொரு பத்து வாங்கிக் காட்டணும், என்ன?" என்பாள். எழுபது எண்பது வயது ஆட்கள் எல்லாம் அதைக் கேட்டுப் பல் தெரியச் சிரிப்பார்கள். புருஷன் போட்டுக் கொடுக்கும் டீக்குக் கூட மார்க் உண்டு. பத்துக்கு ஆறைத் தாண்டி அந்த மனுஷன் இதுவரை வாங்கியதில்லை.

அவளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. போவதற்கு முதல் நாள் சாயங்காலம் கட்டாயம் போன் பண்ணிச் சொல்லிவிடுவாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு வீட்டுக்குப் போனபோது, அங்கே ஒரு அம்மா குளித்துக்கொண்டிருக்க, மருமகள் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள். "இது வீடா இல்ல சந்தையா? போன்னு ஒண்ணு எதுக்கு இருக்கு?" அன்றைக்கு வாங்கிய திட்டில் ஒன்றை முடிவு செய்தாள். அதற்கப்புறம் ஒரு வீட்டுக்கும் அவள் போன் பண்ணாமல் போனதில்லை. போகிற வீடெல்லாம் பெருக்கித் துடைத்து, பெரியவர் தலைவாரிச் சட்டை மாற்றித் தயாராக உட்கார்ந்திருப்பார். ஆஹா, என்ன மரியாதை என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அந்த வருஷம் அவளுடைய செல்லப் பிள்ளை ஒரு வயர்மேன். எழுபத்திநாலு வயது. ஊரில் பாதி வீட்டுக்கு வயரிங் செய்த கை. மனைவி போய்ச் சேர்ந்து பல வருஷம், தனி ஆள். குளியலறை வாசலில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. கையெட்டும் தூரத்தில் போன் இல்லை. கத்திப் பார்த்தார், யாருக்கும் கேட்கவில்லை. ஒன்றரை நாள் விழுந்த இடத்திலேயே கிடந்தார். போனை எடுக்காத அப்பாவைத் தேடி வேறு ஊரிலிருந்து ஓடிவந்து, பூட்டை உடைத்துத் திறந்து, அவரைத் தரையில் கண்டவள் மகள். அப்படி ஒரு காட்சியைப் பார்த்த பெண் பிறகு எப்படி நிம்மதியாகத் தூங்குவாள்?

எலும்பில் கம்பியும் ஸ்குரூவும் வைத்துத் தைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். மகள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். பன்னிரண்டு வாரம் டைம். அதற்குள் மார்க் எண்பதைத் தொட்டால் அப்பா அவர் வீட்டிலேயே இருக்கலாம். தொடாவிட்டால் மறுபேச்சில்லாமல் முதியோர் இல்லம். இடம் கூடப் பார்த்து வைத்துவிட்டாள்.

"அங்க எட்டு மணிக்கு லைட்டை அணைச்சுடுவானாம், டீச்சர்" என்று வயர்மேன் மார்க்கக்காவிடம் பொருமினார். "ஆயுசு பூரா ஊருக்கே லைட் போட்டவன் நான். எனக்கு எவனோ ஒருத்தன் லைட்டை அணைக்கிறதா? நடக்குற கதையா?"

மகள் மேல் மார்க்கக்காவுக்கு ஏகப்பட்ட எரிச்சல். பெற்ற அப்பனுக்குப் பரீட்சை வைக்கிற பெண்ணும் உண்டா? "நீங்க கவலைப்படாதீங்க ஐயா. எண்பது என்ன, தொண்ணூறே வாங்கலாம்" என்று அவருக்குத் தெம்பு சொன்னாள்.

மனிதர் வாங்கவும் வாங்கினார். முதல் தடவை நாற்பது. அடுத்து ஐம்பது. அதற்கடுத்து அறுபத்தைந்து. ஒன்பதாவது வாரம் எழுபத்தைந்து! வாக்கரைப் பிடித்து எழுந்து, ஹாலிலிருந்து வாசல்வரை போய், திரும்பி வந்து, வாசற்படி மூன்றும் ஏறி இறங்கினார். நெற்றியில் மட்டும் வேர்த்துக் கொட்டியது. ஆபீஸ் கூட்டத்தில் அவருடைய மார்க்கைக் கோடு போட்டுக் காட்டினார்கள். மார்க்கக்காவுக்கு ஒரே பெருமை. நேரம் தவறாத மனிதர் வேறு. போன் செய்தால், "சரியா எத்தனை மணிக்கு? பத்துக்கா, பத்தரைக்கா?" என்று கறாராகக் கேட்பார். இந்த வயதிலும் என்ன ஒழுங்கு என்று அவள் புருஷனிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள்.

கடைசிப் பரீட்சை ஒரு வியாழக்கிழமை. அதற்கு முந்தின நாள், புதன்கிழமை காலை, அதே தெருவில் இன்னொரு வீட்டுக்குப் போயிருந்தாள். அந்த வீட்டம்மாளைத் திடீரென்று ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டதாக வாசலிலேயே சொல்லி அனுப்பிவிட்டார்கள். மணி பதினொன்று. கையில் வேலை இல்லை. நாளைக்கு இதே தெருவுக்கு மறுபடி வர வேண்டும். வயர்மேனுக்கு ஒரு எட்டு போய் முடித்துவிட்டால் என்ன? போன் பண்ணினாள், மணி அடித்தது, எடுக்கவில்லை. நம்ம ஆள்தானே, இன்றைக்கே எண்பதைப் போட்டு ஆச்சரியப்படுத்திவிடலாம் என்று ஸ்கூட்டரைத் திருப்பினாள்.

கதவு லேசாகச் சாத்தியிருந்தது. தள்ளிக்கொண்டு உள்ளே போனவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

சமையலறையிலிருந்து ஹாலுக்கு வயர்மேன் வந்துகொண்டிருந்தார். நடந்து அல்ல. தரையில். உட்கார்ந்தபடியே, இரண்டு கைகளையும் பின்னால் ஊன்றி, உடம்பைத் தூக்கி, ஒரு உந்து. தட்டை முன்னால் தள்ளி வைத்து, மறுபடி ஒரு உந்து. தட்டில் பொரித்த முட்டையிலிருந்து ஆவி பறந்தது. மூலையில் வாக்கர் சுவரைப் பார்த்து நின்றது, அதன் மேல் துண்டு காய்ந்தது.

"ஐயா! ஐயோ, விழுந்துட்டீங்களா?" பையைப் போட்டுவிட்டு ஓடினாள்.

அவர் முதலில் அவள் செருப்பைப் பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தினார். முகத்தில் ரத்தமே இல்லை.

"டீச்சர்... நாளைக்குத்தானே?"

அந்த ஒரு கேள்வியில் அவளுக்குப் பாதி புரிந்துபோனது. அப்படியே தரையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் அந்த வீட்டையே முதல் தடவையாகப் பார்த்தாள். அடக் கடவுளே! சுவிட்சுகள் எல்லாம் முழங்கால் உயரத்தில் இருந்தன. அவள் வரும் நாட்களில் அதன் முன்னால் முக்காலியோ துணிக்கூடையோ நிற்கும், அதைத் தாண்டி அவள் பார்த்ததே இல்லை. சமையலறையில் மின்சார அடுப்பு தரையில் ஒரு பலகை மேல். அரிசி, முட்டை, டீத்தூள் எல்லாம் சுவரோரமாக வரிசை கட்டி இருந்தன. குளியலறைக் குழாயில் ரப்பர் டியூப் மாட்டித் தரைவரை இறக்கியிருந்தார். கட்டிலில் தூசி. படுக்கை கீழே. அவர் போட்டிருந்த கால்சட்டையின் பின்பக்கத்தில் கெட்டித் துணி நாலு மடிப்பாக வைத்துத் தைத்திருந்தது.

"இது யாரு தைச்சது?" என்ன கேட்பதென்று தெரியாமல் அதைத்தான் கேட்டாள்.

"பக்கத்துக் கடை டைலர். நல்லா உழைக்குது."

"எவ்வளவு நாளா ஐயா இப்படி?"

"ரெண்டாவது வாரத்துலேர்ந்து. நிக்க முடியலம்மா. கீழ இருந்தா ஒரு தொந்தரவும் இல்ல. சமைக்கிறேன், குளிக்கிறேன், துணி துவைக்கிறேன். யாரையும் ஒரு டம்ளர் தண்ணி கேக்கறதில்ல. பயிற்சி குடுக்க வர்ற தம்பியையும் நானே செஞ்சுக்கிறேன்னு வாசலோட அனுப்பிடுவேன்."

"அப்போ என் முன்னாடி நடந்தீங்களே! படி ஏறுனீங்களே! என் ரெண்டு கண்ணால பார்த்தேனே!"

வயர்மேன் தட்டை ஓரமாக நகர்த்தினார். ஒரு தகர டப்பாவைத் திறந்து காட்டினார். உள்ளே வலி மாத்திரை அட்டைகள், பெரும்பாலும் காலி.

"அம்பது வாங்குன அன்னைக்கு ஒண்ணு. அறுபத்தஞ்சுக்கு ரெண்டு. எழுபத்தஞ்சுக்கு மூணு. நீங்க வர்றதுக்கு ஒன்றரை மணி நேரம் முன்னாடி போட்டாத்தான் சரியா வேலை செய்யுது. நாளைக்கு நாலு போடலாம்னு எடுத்து வச்சிருக்கேன்."

மார்க்கக்காவுக்கு இப்போது விளங்கியது. பத்துக்கா, பத்தரைக்கா என்று அவர் கேட்டது ஒழுங்குக்காக இல்லை. மாத்திரைக்காக. ஆபீஸ் சுவரில் மேலே மேலே ஏறிப் போன அந்தக் கோடு, இந்த மனிதர் விழுங்கிய மாத்திரையின் கணக்கு. அவள் போன் பண்ணியபோதெல்லாம் அவர் அந்த டப்பாவைத் திறந்திருக்கிறார். இன்னொரு பத்து வாங்கிக் காட்டணும், என்ன என்று அவள்தான் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். மற்ற வீடுகள்? தலைவாரி உட்கார்ந்திருந்த அத்தனை பேரும்?

"காலைக் காட்டுங்க" என்றாள்.

இரண்டு காலையும் நீட்டச் சொல்லி, குதிகாலைச் சேர்த்துப் பிடித்தாள். இடது கால் ஒரு கட்டைவிரல் அகலம் குட்டையாக இருந்தது. பாதம் வெளிப்பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. ஓடிப்போய் வாசலில் கிடந்த அவருடைய செருப்பை எடுத்துப் பார்த்தாள். இடது செருப்புக்குள் கறுப்பு ரப்பர் ஷீட்டை வெட்டி இரண்டடுக்காக ஒட்டியிருந்தது. எவ்வளவு சுத்தமான வேலை! பக்கத்தில் நின்று மார்க் போட்டவளுக்கே தெரியாத அளவுக்குச் சுத்தம்.

"படுபாவி மனுஷா!" என்று அவள் வாய்விட்டே கத்திவிட்டாள். ஒரு நோயாளியை அவள் அப்படித் திட்டியது அதுதான் முதல் தடவை. "வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? வலி சும்மா வருமா?"

"சொன்னா மார்க் குறையும்ல" என்றார் வயர்மேன், சின்னப் பையனுக்கு விளக்குவது போலப் பொறுமையாக.

மத்தியானமே ஆஸ்பத்திரி. டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டினார். உள்ளே வைத்த ஸ்குரூ எலும்பைக் கிழித்துக்கொண்டு மூட்டுக்குள்ளேயே நீட்டிக்கொண்டிருந்தது. அந்த ஸ்குரூவோடுதான் இந்த மனிதர் படி ஏறியிருக்கிறார். "ஆரம்பத்துலயே வந்திருந்தா ஸ்குரூவை மட்டும் மாத்தியிருப்போம்" என்றார் டாக்டர். "இப்போ மூட்டையே எடுத்துட்டு வேற வைக்கணும். இதோட எப்படி நடந்தாரு? யாரு இவரை நடக்க விட்டது?" நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்த மார்க்கக்கா, மார்க் தாள் இருந்த பையை முதுகுக்குப் பின்னால் தள்ளினாள்.

மகள் மறுநாள் காலை வந்து சேர்ந்தாள். நேராக வீட்டுக்குப் போய் அப்பாவுக்கு மாற்றுத் துணி எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். கிழித்துத் தொங்கவிடப் போகிறாள் என்று நடைபாதை பெஞ்சில் மார்க்கக்கா குனிந்த தலையோடு உட்கார்ந்திருந்தாள். மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"வீட்டைப் பார்த்தேன், மேடம். ஒவ்வொரு ரூம்லயும் தரைக்கு ஒரு ஜாண் மேல ஒரு சிவப்பு பட்டன் வச்சிருக்காரு. குளியலறை வாசல்ல ரெண்டு. என்னன்னு தெரியாம அழுத்திட்டேன். அரை நிமிஷம் ஆகல, பக்கத்துக் கடை டைலர் கையில கத்தரிக்கோலோட ஓடி வராரு. 'என்ன ஆச்சு அண்ணனுக்கு'ன்னு கத்திக்கிட்டே. கடையில மணி அடிக்குமாம். டைலர் வீட்டுக்குள்ளயும் ஒரு மணி இருக்காம்."

மார்க்கக்காவின் கண்ணில் அந்தப் பட்டன்கள் படவே இல்லை. அவளுடைய மார்க் தாளில் அதற்குக் கேள்வியும் இல்லை.

"திரும்ப விழுந்தா என்ன செய்வாருன்னுதானே நான் செத்துக்கிட்டிருந்தேன்? அதுக்கு அவரே வழி பண்ணி வச்சிருக்காரு. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. சொன்னா தரையில இருக்குறது தெரிஞ்சுடுமேன்னு." மகள் கண்ணைத் துடைத்தாள். "எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. எழுபத்தஞ்சு வாங்கியிருந்தாரே. அஞ்சு மார்க்குக்காகவா ஒரு மனுஷன் நாலு மாத்திரை போடுவான்? அந்த எண்பதுல அப்படி என்ன இருக்கு?"

"என்னைக் கேக்குறீங்களா?" மார்க்கக்காவுக்கு இவ்வளவு நாள் அடக்கி வைத்த எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. "நிபந்தனை போட்டது நீங்கம்மா. அப்பாவுக்கு எண்பதுன்னு கோடு கிழிச்சது நீங்க."

மகள் அவளை விசித்திரமாகப் பார்த்தாள்.

"நானா? எனக்கு இந்த மார்க்கெல்லாம் என்ன தெரியும்? நீங்கதானே சொன்னீங்க?"

"நான் எப்போ சொன்னேன்?"

"முதல் வாரம் போன் பண்ணேனே. 'எவ்வளவு வந்தா தனியா விடலாம்'னு கேட்டேன். நீங்க ரோட்டுல இருந்தீங்க, ஒரே ஹாரன் சத்தம். 'ஒரு எண்பது வந்தா தைரியமா விடலாம்மா'ன்னு சொன்னீங்க. சட்டம் அப்படித்தான் போலன்னு நெனச்சேன். அதைத்தான் அப்பாகிட்ட சொன்னேன்."

மார்க்கக்காவுக்கு ஞாபகம் வந்துவிட்டது. சிக்னல். ஒரு கால் தரையில், ஒரு கை ஹாண்டில்பாரில், ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிப் பேசிக்கொண்டிருந்தாள். பச்சை விழுந்துவிட்டது, பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள். யாரோ ஒரு பெண் பதறுகிறாள், ஒரு எண் கேட்கிறாள். வாயில் வந்த எண்ணைச் சொல்லி போனை வைத்தாள். எண்பது. எந்தப் புத்தகத்திலும் அது இல்லை. எந்த ஆபீஸ் உத்தரவிலும் இல்லை. எழுபது என்று சொல்லியிருக்கலாம். அறுபது என்று சொல்லியிருக்கலாம். அந்த மார்க்கைப் பார்த்து ஒருவர் எங்கே இருக்கலாம் என்று முடிவு செய்யவே கூடாது, வீட்டைப் பார்க்க வேண்டும் என்றுகூடச் சொல்லியிருக்கலாம். பச்சை விளக்கு விழுந்துவிட்ட அவசரம்.

மறைக்க அவளுக்கு மனம் வரவில்லை. மகளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். சட்டமும் இல்லை, கணக்கும் இல்லை, சும்மா சொன்னது என்று. மகள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அப்பாவின் துணிப் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"அவர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க" என்றாள். "உள்ள போறதுக்கு முன்னாடி அவருக்குத் தெரியணும்."

ஆபரேஷன் தியேட்டருக்குப் போகிற வழியில் ஸ்ட்ரெச்சரை ஓரமாக நிறுத்தி வைத்திருந்தார்கள். வயர்மேன் பச்சைத் துணிக்குள் பாதியாகத் தெரிந்தார். உத்தரத்தில் ஒரு டியூப்லைட் மினுக்கி மினுக்கி எரிந்தது. "சோக்கு போச்சு, மாத்தச் சொல்லும்மா" என்றார் மகளைப் பார்த்து.

மகள் அவர் கையைப் பிடித்தாள். "அப்பா, முடிஞ்சதும் உங்க வீட்டுக்குத்தான் திரும்பப் போறீங்க. எந்த இல்லமும் கிடையாது. தரையில இருங்க, கட்டில்ல இருங்க, உங்க இஷ்டம். மார்க் எவ்வளவா இருந்தாலும் சரி."

அவர் நம்பவில்லை. மகளைத் தாண்டி மார்க்கக்காவைப் பார்த்தார். "எண்பது வேணுமே, டீச்சர்?"

"வேணாம் ஐயா." அவள் ஸ்ட்ரெச்சர் பக்கம் குனிந்தாள். "எண்பதுன்னு ஒண்ணு கிடையவே கிடையாது. அது நான் ஏதோ அவசரத்துல வாய்க்கு வந்ததைச் சொன்னது. உங்க பொண்ணு அதை நம்பிட்டாங்க. தப்பு என்னுது. பெரிய தப்பு."

வயர்மேன் மறுபடி உத்தரத்து டியூப்லைட்டைப் பார்த்தார். கோபம் வரும் என்று அவள் காத்திருந்தாள். வரவில்லை. ஏதோ ஒரு வீட்டில் வயர் எங்கே அறுந்தது என்று தேடுகிற மாதிரி அவர் புருவம் சுருங்கியது.

"அப்போ நாப்பதுலயே இருந்திருக்கலாமா?"

பன்னிரண்டு வருஷமாக எந்தக் கேள்விக்கும் ஒரு பதிலும் அதற்கு ஒரு மார்க்கும் வைத்திருந்தவள் அவள். ஸ்ட்ரெச்சரின் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"இருந்திருக்கலாம், ஐயா" என்றாள்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். ஊழியர் வந்து ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது. பெண்கள் இருவரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள்.